பத்தொன்பதாவது கட்டடம்

அத்தியாயம் நான்கு

உறைந்துபோன ஏரியின் நடுவில் நின்றுகொண்டு ஒரு கட்டடத்தைத் தேடுகிறவனை ஊர் என்ன சொல்லும்? டெஸ் கிங்பேர்டுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவனுக்கு எப்போதோ தெரியும். கவலையெல்லாம் காலடியில் இருந்த ஐஸைப் பற்றித்தான். மார்ச் பாதி தாண்டிவிட்டது. மேல்பனி இளகி, பூட்ஸ் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று இருந்தது.

"பாஸ், இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதோ, கொஞ்சம்தான்" என்றார் ஐரீன் ரந்தாலா, டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கரையில இருந்து இதையேதான் சொல்லிட்டு வர்றீங்க. உள்ள விழுந்தா யார் என்னை இழுப்பாங்க?"

"ஐஸ் இன்னும் ரெண்டடி கனம் இருக்கு. உன் வாய்க்குத்தான் கனமே இல்ல. நட."

ரந்தாலாவுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, சொந்த வைக்கோல் கொட்டகைக்குத் தானே தீ வைத்துவிட்டு ஒப்பாரி வைக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், தூண்டில் புழு விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, 'ரந்தாலா – துப்பறிவாளர்' என்று பலகை மாட்டினார். உதவிக்கு வந்து சேர்ந்தவன் டெஸ். சம்பளம் எப்போதாவது வரும். புழு வாசனை எப்போதும் வரும்.

இந்தக் கேஸ் ஹால்வர் ஊரையே உலுக்கிவிட்டிருந்தது. ஊர்ப் பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணி ஒரு தலைமுறைக்குப் பிறகு மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றதுதான் ஆரம்பம். மினசோட்டாவில் அப்படி நடந்தால் ஊரே கிளம்பிவிடும். வாத்தியார்கள், பல் டாக்டர், பாதிரியார், தன்னார்வத் தீயணைப்புப் படை மொத்தமும் என்று எல்லோரும் போட்டி நடக்கும் செயின்ட் பாலுக்கு வண்டி கட்டிப் போய்விட்டார்கள். அன்றைக்கு ஒரு திருடன் வந்திருந்தால் போரடித்துத் திரும்பியிருப்பான்.

திருடன் வரவில்லை. புகை வந்தது. பள்ளிக்கூடத்து பாய்லர் அறையிலிருந்து.

தபால்காரம்மா பார்த்துத் தகவல் சொல்ல, பக்கத்து ஊரான லிட்டில் ஆஸ்பனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் யாரும் அந்தப் பள்ளிக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் கையில் வரைபடம் இருந்தது. ஆபத்துக்கு உதவ வருகிறவர்களுக்காக, மாவட்டத்துப் பொதுக் கட்டடங்களையெல்லாம் அந்தக் குளிர்காலத்தில்தான் வரைபடமாக்கியிருந்தார்கள். பள்ளி, நீதிமன்றம், நூலகம், முதியோர் இல்லம், ஏன், ஊராட்சியே நடத்துகிற மதுக்கடைகூட. கட்டடம் ஒன்றுக்கு நாலாயிரம் டாலருக்கு மேல் செலவு. மாநில அரசு மானியம் கொடுத்தது, டெக்ஸஸிலிருந்து ஒரு கம்பெனி வந்து செய்து கொடுத்தது.

ஏழாம் கதவைத் திறந்தால் நேரே ஒரு நடைவழி, அதன் முடிவில் பாய்லர் அறை என்றது வரைபடம். ஷெல்பி ஆஹோ என்ற இருபத்தாறு வயதுப் பெண் புகைக்குள் முதலில் நுழைந்தாள். அந்த நடைவழியை எந்தக் காலத்திலோ வெட்டிப் படிக்கட்டு வைத்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் தரையே இல்லை, செங்குத்தான படிகள்தான். இடுப்பெலும்பு உடைந்து டுலூத் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

ஊருக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது. மாவட்ட அவசரகால அதிகாரி மார்லிஸ் ட்வைட்டின் கழுத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வரைபடங்களைச் சரி என்று ஏற்றுக்கொண்டவர் அவர்தான். இன்று மாலை நாலு மணிக்கு மாவட்டக் குழு கூடி அவரை வேலையை விட்டுத் தூக்கப் போகிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மார்லிஸ் புழுக்கடை மாடியேறி வந்து ரந்தாலாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "என் வேலை போறதுகூட இருக்கட்டும். அந்தப் பொண்ணு விழுந்தது என்னாலயான்னு எனக்குத் தெரியணும்."

டெக்ஸஸ் கம்பெனியைக் கேட்டால் ஒரே பாட்டு. எங்கள் ஆள் பிரென்ட் ஜனவரியில் ஹால்வருக்கு வந்தார், உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வர எல்லாக் கட்டடங்களிலும் நடந்தார். நேரில் போய் ஸ்கேன் செய்யாமல் எங்கள் கம்ப்யூட்டர் எதையும் ஏற்காது. யார் அந்த உள்ளூர்க்காரர்? அது ரகசியமாம். ஜனவரியில் மார்லிஸ் முட்டி ஆபரேஷன் செய்து வீட்டில் படுத்திருந்தார். பள்ளிக்கூடம்தான் ஆள் அனுப்பியிருக்கும் என்று அவர் நினைத்தார். மார்லிஸின் ஆபீஸ்தான் அனுப்பியிருக்கும் என்று பள்ளிக்கூடம் நினைத்தது.

ஒரு துப்பைக் கண்டுபிடித்தது டெஸ். அதைப் பற்றி இரண்டு நாளாகப் பெருமையடித்துக்கொண்டும் இருந்தான். மாவட்டத்தில் பொதுக் கட்டடங்கள் பதினெட்டு. கம்பெனி கொடுத்த வரைபடங்கள் பத்தொன்பது. கடைசி வரைபடத்துக்கு 'துணைக் கட்டடம்' என்று பெயர். கரையில் இருக்கும் பம்ப் அறை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் வரைபடத்தில் குறித்த இடம் கரையில் இல்லை. ஏரிக்குள் இருந்தது.

"இங்கதான்" என்று ரந்தாலா நின்றார்.

டெஸ் சுற்றிப் பார்த்தான். வடக்கே பனி. தெற்கே பனி. மேற்கே ஒரு காக்கை, அதுவும் கிளம்பிக்கொண்டிருந்தது.

"பாஸ், கேஸ் முடிஞ்சது! இல்லாத கட்டடத்துக்கு நாலாயிரம் டாலர் பில்லு. கம்பெனி முழுத் திருடன். மார்லிஸ் தப்பிச்சாங்க. வாங்க, காபி என் கணக்கு."

"உன் கணக்குன்னா நான்தானே கொடுக்கணும்?"

"அது அப்புறம். வரைபடத்தோட வர்ற வெளியூர்க்காரனை நம்பாதேன்னு எங்க ஒஜிப்வே பழங்குடி ஜனங்களுக்கு, நிலத்தைப் பறிகொடுத்த நாள்ல இருந்து பரம்பரைப் பாடம் பாஸ். உங்காளுங்க இப்பதான் படிக்கிறீங்க."

ரந்தாலா சிரித்தார். சிரித்துக்கொண்டே பூட்ஸ் முனையால் பனியைக் கிளறினார். சிரிப்பு நின்றது.

"டெஸ், இதைப் பாரு."

ஐஸுக்குள் ஒரு மரக்கட்டை பாதி புதைந்து உறைந்து கிடந்தது. மூன்று தப்படி தள்ளி இன்னொன்று. டெஸ் கையுறையால் பனியைத் தள்ள, மூன்றாவதும் நாலாவதும் வெளியே வந்தன. நாலும் சேர்ந்து ஒரு செவ்வகம்.

டெஸ்ஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குளிர்காலம் முழுக்க இந்த ஏரிமேல் ஒரு குட்டி ஊரே முளைத்திருக்கும். ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களின் குடிசைகள். அடிப்பாகம் ஐஸோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளாளுக்குக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துவார்கள். போன திங்களோடு குடிசைகளைக் கரையேற்ற அரசாங்கம் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. குடிசை போகும், கட்டை நின்றுவிடும்.

"இங்க ஐஸ் குடிசை ஒண்ணு இருந்திருக்கு" என்றான், குரல் கொஞ்சம் இறங்கி.

"செவ்வகத்துக்கு உள்ள பாரு."

மூன்று துளைகள், மூடி உறைந்த வட்டத் தழும்புகளாய். சாதாரணமாக ஒரு குடிசையில் இரண்டு துளை இருக்கும். மூன்று இருந்தாலும் வரிசையாகப் போடுவார்கள். இவை முக்கோணமாக இருந்தன. ரந்தாலா டேப்லெட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். பத்தொன்பதாவது வரைபடத்திலும் மூன்று சின்ன வட்டங்கள், அதே முக்கோணமாக.

"நான் அதைத் தூணுன்னு நினைச்சேன்."

"ஆறடிக்கு எட்டடி அறைக்குள்ள மூணு தூணா? அது என்ன, கோயில் மண்டபமா? பாரு, கதவு எந்தப் பக்கம்னு இருக்கு. அடுப்பு இருக்கு. வெளிய கேஸ் சிலிண்டர், அதை மூடுற திருகு, பெஞ்ச், எல்லாம் அங்குல சுத்தமா இருக்கு. இந்த மாவட்டத்துல ஒழுங்கா அளந்து வரைஞ்ச ஒரே கட்டடம் இதுதான் டெஸ்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. இல்லாத கட்டடத்தை இல்லை என்று நிரூபிக்க வந்தார்கள். இப்போது அது இருந்தது என்று நிரூபணமாகி நிற்கிறது. இருந்த கட்டடத்துக்குத்தான் கம்பெனி பில் போட்டிருக்கிறது. அப்படியானால் மார்லிஸ்?

"பாஸ், அப்ப கம்பெனி யோக்கியமா?"

"ஒருத்தன் வேலை மெனக்கெட்டு ஒரு ஐஸ் குடிசையை எதுக்கு ஸ்கேன் பண்றான்? யோசி."

டெஸ் யோசித்தான். குளிரில் யோசனை மெதுவாகத்தான் வந்தது. "கம்ப்யூட்டர் கேக்குது. நேர்ல போய் ஸ்கேன் பண்ணலேன்னா ஏத்துக்காதுன்னு அவங்களே சொன்னாங்களே. ஹால்வர்லதான் இருக்கேன்னு ஒரு ஸ்கேனாவது அதுக்குக் காட்டணும். அவன் எங்க உக்காந்திருந்தானோ அதைக் காட்டிட்டான். மத்த பதினெட்டையும் எங்கயோ பார்த்துக் காப்பியடிச்சுட்டான்."

"எதைப் பார்த்து?"

"ஸ்கூல் சுவத்துல ஒட்டியிருக்குமே, தீப் பிடிச்சா எந்த வழியா ஓடணும்னு, பழைய படம்? அந்த மாதிரி ஏதாவது."

"அந்தப் படத்தையெல்லாம் அவனுக்கு யாரோ மொத்தமா எடுத்துக் குடுத்திருக்காங்க" என்றார் ரந்தாலா. கைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். டெக்ஸஸில் மணி அடித்தது.

"ஹலோ, பிரென்ட் பேசறேன்."

"ஹால்வர்ல இருந்து ஐரீன் ரந்தாலா பேசறேன் தம்பி."

"மேடம், கம்பெனி வக்கீல் ஒண்ணும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"கேஸைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஜனவரியில எங்க ஊர் ஏரியில மீன் நல்லாக் கடிச்சுதாமே. நீ எத்தனை பிடிச்சே?"

"நாலு மேடம்! அதுல ஒண்ணு இவ்ளோ பெரி..."

பேச்சு நின்றது. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, அதன்பின் இணைப்புத் துண்டிக்கப்பட்ட சத்தம்.

"பாவம்" என்றான் டெஸ். "மீன் பிடிச்சவன்கிட்ட எத்தனைன்னு கேட்டா அவன் என்ன பண்ணுவான்? கோர்ட்லயே கேட்டாலும் சொல்லிடுவான்."

"அவனை ஏரிக்குக் கூட்டிட்டு வந்தது யாருன்னு இப்ப குடிசையைக் கேப்போம். வா."

படகுத்துறைப் பக்கம் வாகனங்கள் நிற்கும் திடலில் இன்னும் வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் வராத குடிசைகள் இழுத்துப் போடப்பட்டிருந்தன. கண்டபடி திரும்பி நின்றதில் எந்தக் கதவு எந்தத் திசை என்பதெல்லாம் போயே போய்விட்டது. டெஸ் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஒன்றில் சோபா போட்டிருந்தது. இன்னொன்றில் அவன் வீட்டில் இருப்பதைவிடப் பெரிய டிவி. மூன்றாவதில், மினசோட்டாக்காரர்களுக்குப் பரம எதிரியான விஸ்கான்சின் கால்பந்து அணியின் கொடி தொங்கியது.

"பாஸ், குற்றவாளி இவன்தான். எந்தக் குற்றமா இருந்தாலும் சரி."

"துளையைப் பாருடா, கொடியை விடு."

"ரெண்டு துளை. தப்பிச்சான்."

ஒன்பதோ பத்தோ குடிசை தாண்டி, பச்சைப் பெயின்ட் அடித்த ஒன்றின் கதவு லேசாகத் திறந்திருந்தது. டெஸ் தலையை உள்ளே விட்டான். தரையில் மூன்று ஓட்டை, முக்கோணமாக. இடப்பக்கம் அடுப்பு. எதிரே பெஞ்ச். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். இந்த மாவட்டத்தில் ஒரு மனிதன் வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

"படத்துல இந்தச் சுவத்துல சின்னதா ஒரு சதுரம் போட்டிருக்கு பாஸ். உள்ள ஒரு அடையாளம்."

"அது என்ன அடையாளம்?"

"தீயணைப்பான். ஸ்கூல் படத்துலயும் இதே அடையாளம்தான் இருக்கு." அவன் நிமிர்ந்தான். சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட சிவப்புப் பெட்டிக்குள், பளபளவென்று துடைத்து வைத்த தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது.

டெஸ் மெதுவாகத் திரும்பினான். "குளிர்காலம் பூரா நாலு பக்கமும் ஐஸ். கீழ முப்பதடி தண்ணி. இதுக்கு நடுவுல பெட்டி போட்டுத் தீயணைப்பான் மாட்டுற மனுஷன் இந்த ஊர்ல யாரு பாஸ்?"

குடிசையின் வெளிச்சுவரில் உரிமையாளர் பெயர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ரந்தாலா அந்தப் பக்கம் போகவேயில்லை. முகம் வாடியிருந்தது. ஆளை அவருக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

"என்ன ஐரீன், குடிசை வாங்கப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கோர்டி ஸ்டென்வால், ஹால்வர் தீயணைப்புப் படைத் தலைவர். ஊரில் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் அவர்தான், மரத்தில் ஏறிய பூனையை இறக்குவதும் அவர்தான். எல்லாம் சம்பளமில்லாமல். ஒரு கையில் காபி பிளாஸ்க், இன்னொரு கையில் பிளாஸ்டிக் டப்பா.

"என் பொண்டாட்டி லின்டா ஓட்ஸ் கேக் பண்ணியிருக்கா, எடுத்துக்கோங்க. டெஸ், நீ ரெண்டா எடு. இளைச்சுட்டே."

டெஸ் இரண்டு எடுத்தான். கடமை வேறு, கேக் வேறு.

"கோர்டி" என்றார் ரந்தாலா. "பிரென்ட் நாலு மீன் பிடிச்சானாமே?"

கோர்டி டப்பா மூடியைப் போட்டார். அது சரியாக மூடவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"எந்த பிரென்ட்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. உன் குடிசை மாவட்ட வரைபடத்துல ஏறியிருக்கு. பத்தொன்பதாவது பொதுக் கட்டடம். நாலாயிரத்துச் சொச்சம் கட்டியிருக்கோம்."

கோர்டி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும், அந்த நிலைமையிலும், சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கழுதை என் குடிசையையா போட்டிருக்கான்? சிலிண்டரைக்கூட விடலையே!" சிரிப்பு வந்த வேகத்திலேயே போனது. அவர் குடிசைப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்குன்னு ஒரு பைசா எடுக்கல ஐரீன்."

"தெரியும். எடுத்திருந்தா இந்தக் குடிசைக்கு வேற கதவு போட்டிருப்பே. என்ன வாங்கினே?"

"மூச்சுக் கருவி. எட்டு செட்." அவர் கையை விரித்தார். "புகைக்குள்ள போறப்ப முதுகுல மாட்டிக்கிறது. எங்ககிட்ட இருந்தது இருபது வருஷப் பழசு. என் பசங்க டேப் ஒட்டி மாட்டிட்டுப் போறாங்க. எத்தனை தடவை மாநிலத்துக்கு எழுதினேன் தெரியுமா? வரைபடம் போடறதுக்குக் காசு கொடுக்கறாங்க. மூச்சு விடறதுக்குக் கொடுக்க மாட்டேங்கறாங்க. அதுக்கு இந்தத் திட்டத்துல இடமில்லையாம். அந்தப் பையன் வந்து, கட்டடம் கட்டடமா நடக்கிற வேலை மிச்சமானா கம்பெனி உங்க படைக்கு நன்கொடையா எட்டு செட் தரும்னான். பழைய படமெல்லாம் ஸ்டேஷன்ல இருந்துச்சு. தூக்கிக் கொடுத்தேன். மூணு நாள் மீன் பிடிச்சோம்."

"மாவட்டம் நடக்கறதுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கு" என்றான் டெஸ்.

"எதுக்கு நடக்கணும் தம்பி? இந்த ஊர்ல யாருக்கு அந்த ஸ்கூல்ல வழி தெரியாது? நான் அங்க படிச்சேன். என் படையில இருக்கிற ஒவ்வொருத்தனும் அங்கதான் படிச்சான். கண்ணைக் கட்டி விட்டாலும் பாய்லர் ரூமுக்குப் போவோம்!"

"ஷெல்பி எங்க படிச்சா?" என்றார் ரந்தாலா.

ஏரிக் காற்று குடிசைக் கதவை ஒருமுறை அடித்தது. கோர்டி அதைப் பிடித்து நிறுத்தினார், பிறகு பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"நாங்க ஊர்ல இருந்திருந்தா..."

"நீங்க ஊர்ல இல்ல. நீங்க இல்லாதப்ப வர்றவங்களுக்குத்தான் கோர்டி அந்த வரைபடம். உங்களுக்கு எதுக்கு அது?" ரந்தாலாவின் குரல் உயர்ந்தது, டெஸ் அதிகம் கேட்டிராத உயரம். "காலையில அந்தப் பொண்ணுகிட்ட பேசினேன். தன் இடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. வரைபடத்தைத் தப்பாப் படிச்சுட்டேனோன்னு என்னைக் கேக்கறா. புகையில டேப்லெட்டைத் தலைகீழாப் பிடிச்சிருப்பேனோன்னு நினைச்சு நினைச்சு அவளுக்குத் தூக்கமே வரலையாம். இனிமே தீயணைப்புக்கு வர மாட்டேன்னு அவங்க தலைவர்கிட்ட சொல்லிட்டா. உன் தப்பை அவ சுமந்துட்டுப் படுத்திருக்கா. மார்லிஸ் நாலு மணிக்குச் சுமக்கப் போறா. உனக்கு மட்டும் கை காலியா இருக்கு."

கோர்டி எழுந்தார். கேக் டப்பாவை டெஸ் கையில் வைத்தார். பிக்கப் வண்டியில் ஏறி, சேற்றைத் தெறிக்கவிட்டபடி போய்விட்டார்.

"ஓடிட்டார் பாஸ்."

"பார்ப்போம்."

"பார்க்கிறதா? எல்லாத் துப்பும் கையில இருக்கு. நாமளே கூட்டத்துல போட்டு உடைக்கலாமே?"

"உடைக்கலாம். நாம சொன்னா ஊர் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு பத்து வருஷம் சண்டை போடும். பாதிப் பேர் கோர்டி பக்கம் நிப்பாங்க. மார்லிஸ் இங்க குடித்தனம் நடத்த முடியாது. அவனே சொல்லணும்." அவர் காரைக் கிளப்பினார். "சொல்லலேன்னா நான் சொல்லத்தான் போறேன். அந்தக் கேக்ல ஒண்ணு குடு."

நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். மாவட்டக் குழு உறுப்பினர்கள் ஐந்து பேரும் நீள மேஜைக்குப் பின்னால் கல்யாண விருந்துக்குக் காத்திருப்பவர்கள்போல வரிசையாக இருந்தார்கள். தலைவி டோனா பிரெக்கி. முன்வரிசையில் மார்லிஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. இடமில்லாத அறையில் அந்த இரண்டு நாற்காலிகளில் மட்டும் யாரும் உட்காரவில்லை. டெஸ்ஸுக்கு எரிச்சல் வந்தது. போய் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"கேக்?" என்றான்.

"வேண்டாம் டெஸ்" என்றார் மார்லிஸ்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ரந்தாலா மைக் முன்னால் போய் நின்றார். கோர்டியை எங்கும் காணவில்லை.

"குழு உறுப்பினர்களுக்கு ஒரு கேள்வி. ஸ்கூல் பாய்லர் ரூமுக்கு எப்படிப் போறது?"

டோனா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஐரீன், இது வினாடி வினா இல்ல."

"என் மூணு நிமிஷம், நான் எப்படி வேணா செலவு பண்ணுவேன். சொல்லு டோனா."

"சமையல்கட்டைத் தாண்டி இடப்பக்கம். ஏழாம் கதவு வழியாப் போகக்கூடாது, அங்க படிக்கட்டு இருக்கு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் சொல்லும்போதே கூட்டத்தில் சிலர் சேர்ந்து சொன்னார்கள். ஐந்து பேரும் சரியாகச் சொல்லிவிட்டு, தேர்வில் பாஸ் செய்த திருப்தியோடு சாய்ந்துகொண்டார்கள்.

"அஞ்சு பேருக்கும் நூத்துக்கு நூறு" என்றார் ரந்தாலா. "புகை வந்த அன்னிக்கு நீங்க அஞ்சு பேரும் எங்க இருந்தீங்க?"

டோனாவின் ஸ்வெட்டரில் ஹாக்கி அணியின் பேட்ஜ் இன்னும் குத்தியிருந்தது. சுவரோரம் நின்றவர்களில் பலர் தரையைப் பார்த்தார்கள்.

"அந்த வரைபடம் ரெண்டு மாசமா உங்க எல்லார்கிட்டயும் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் ஸ்கூல் பக்கத்தைத் திறந்து பார்த்தீங்களா?"

முன்வரிசையிலிருந்து மார்லிஸின் குரல் கேட்டது. "நானும் திறக்கல. மத்ததை எல்லாம் பார்த்தேன். நான் படிச்ச ஸ்கூலாச்சேன்னு அதை மட்டும் தள்ளிட்டேன்." அவருக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்காமலே சொன்னார். "வேலையை எடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டெஸ் வாசல் பக்கம் பார்த்தான். ரந்தாலாவும் பார்த்தார். நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அவர் அசையவில்லை. சொல்லத்தான் போகிறார் என்று டெஸ்ஸுக்குப் புரிந்தது, அவர் அதை வெறுக்கிறார் என்பதும்.

"டோனா, இன்னும் ஒரு நிமிஷம் கொடு" என்று ஆரம்பித்தார்.

"என் நிமிஷத்தை எடுத்துக்கோ ஐரீன். இல்ல, வேண்டாம், நானே பேசறேன்."

கோர்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மைக்கைப் பிடித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பழைய படங்கள், எட்டு செட், மூன்று நாள் மீன்பிடி. அலங்காரமும் இல்லை, அழுகையும் இல்லை.

அறையில் யாரோ "கோர்டியா?" என்று முனகினார்கள்.

"லேட்டா வந்ததுக்கு மன்னிக்கணும்" என்றார் அவர். "ஸ்டேஷன்ல இருந்து அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணிட்டு இருந்தேன். அவளுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

"என்ன சொன்னா?" என்றார் மார்லிஸ்.

"திட்டுவான்னு நினைச்சேன். 'அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்'னா. ரெண்டு தடவை அதையே சொன்னா. அப்புறம் ஃபோனை அவ அம்மா வாங்கிட்டாங்க. அவங்க திட்டினாங்க."

டோனா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மார்லிஸை நீக்கும் தீர்மானம். யாராவது முன்மொழியறீங்களா?"

உறுப்பினர்கள் யாரும் கையைத் தூக்கவில்லை. ஒருவர் மட்டும், அதுவும் தீர்மானத்துக்காக இல்லை, "அப்ப கோர்டி குடிசைக்கும் நாமதான் பணம் கட்டியிருக்கோமா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றான் டெஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஆபத்துன்னா எல்லாரும் தாராளமா அங்க போகலாம். வழி சுத்தமாப் போட்டிருக்கு."

சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாத, கொஞ்சம் வெட்கம் கலந்த சிரிப்பு. அது ஓய்கிறவரை கோர்டி மைக் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ராஜினாமாவை எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்று பையில் கைவிட்டார்.

மார்லிஸ் எழுந்தார். ஆபரேஷன் செய்த முட்டி இன்னும் முழுசாக மடங்கவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "அதை நாளைக்கு மத்தியானம் கொடு. காலையில எனக்கு நீ வேணும். ஸ்கூல்ல இருந்து ஆரம்பிச்சு பதினெட்டுக் கட்டடமும் நடக்கப் போறோம். லிட்டில் ஆஸ்பன் ஆளுங்களும் வருவாங்க. அவங்கதான் முன்னாடி போவாங்க. நீ பின்னாடி வரணும்."

"வரேன்."

"வழி தெரியாம அவங்க முட்டிட்டு நிப்பாங்க. தப்பான கதவைத் திறப்பாங்க. உனக்கு வாய் துறுதுறுன்னு வரும். ஒரு வார்த்தை சொல்லக்கூடாது கோர்டி. அவங்க எங்க முட்டி நிக்கிறாங்களோ, அங்கதான் நான் வரைபடத்துல வழி வரையணும்."

ஐம்பது வருடமாக ஊருக்கே வழி சொல்லிக்கொண்டிருந்த மனிதர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.